ஏழு கட்டத்தில் அடங்காத நான்கு நிமிடம்

போன மாதம் மில்லிலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் அங்கிருந்து போன் வந்தால் யாருக்காவது கல்யாணம் என்றுதான் அர்த்தம். இது அப்படியில்லை. எனக்குப் பிறகு கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்திருக்கும் பெண் பேசினாள். பழைய புரோகிராம்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போடப் போகிறார்களாம்.

“மேடம், உங்க ஷிப்ட் ரிப்போர்ட்ல ஏழு கட்டம் இருக்குல்ல, அது சமமாவே இல்லையே. ஒண்ணு அறுபத்தெட்டு நிமிஷம், அடுத்தது அறுபத்தொம்போது. இது தப்பா, இல்ல வேணும்னே வச்சீங்களா?”

எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம். நான் கோபக்காரி என்பது மில்லில் வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்த விஷயம். அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அதையும் மறந்துவிட்டு, “வேணும்னேதான் வச்சேன். எதை வேணா மாத்து, அதுல மட்டும் கை வைக்காத” என்றேன். அவள் பயப்படவில்லை. “அப்ப ஏன்னு எழுதிக் குடுங்க மேடம், நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்” என்றாள். கேட்டது நியாயம்தான். அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அது அரைப் பக்கத்தில் முடிகிற கதை இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

என் அத்தா திண்டுக்கல்லில் தோல் மண்டியில் எடை போடுகிற வேலை பார்த்தவர். வீட்டில் ஐந்து பிள்ளைகள், நான் மூன்றாவது. டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தேன். நாலு மெஷினுக்கு முப்பது பேர். ஒருவர் தட்டும்போது மற்றவர்கள் பின்னால் நின்று பார்க்க வேண்டும். அப்படி நின்று பார்த்தே பாதி பாடம் கற்றேன். பிறகு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது அதன் முன்னால் உட்கார ஆளில்லாததால் என்னை உட்கார வைத்தார்கள். இருபத்தேழு வருடம் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. பயிற்சி, சான்றிதழ் என்று சொல்லிக்கொள்ள இதற்கு மேல் ஒன்றுமில்லை.

எனக்கு மேலே இருந்தவர் ஸ்பின்னிங் மாஸ்டர் சவரிமுத்து. மாஸ்டர் என்றால் நூல் நூற்கும் ஷெட் முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. குள்ளமான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே சொல்தான்: “காட்டு.” மெஷின் பழுது என்றால் காட்டு. ஆள் வரவில்லை என்றால் காலியாக இருக்கிற இடத்தைக் காட்டு. நான் அச்சடித்துக் கொடுக்கிற ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வரிக்கும் சிவப்பு டிக் போட்டு முடிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். டிக் போட்டு முடிகிற வரைக்கும் நான் நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றாது, உட்கார எனக்குத் துணிச்சல் கிடையாது.

நான் கம்ப்யூட்டருக்கு வந்த புதிதில் ஒரு நாள், கேட்டில் இருக்கிற கடிகாரத்துக்கும் என் கம்ப்யூட்டருக்கும் மூன்று நிமிடம் வித்தியாசம் இருப்பதாக யாரோ புகார் சொன்னார்கள். “காட்டு” என்றார். என்னைக் கம்ப்யூட்டர் முன் நிறுத்திவிட்டு அவர் கேட்டுக்குப் போனார். அங்கிருந்து கையை உயர்த்துவார், நான் நேரத்தைக் குறிக்க வேண்டும். அந்த வெயிலில் மூன்று தடவை இப்படி நடந்தார். வித்தியாசம் மூன்று நிமிடம் இல்லை, மூன்றரை நிமிடம். அன்றிலிருந்து மில் முழுக்க ஒரே நேரம், தினமும் காலையில் அதைச் சரிபார்ப்பது என் முதல் வேலை. அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரிங் ஃப்ரேம் என்று சொல்கிற நூற்பு மெஷினில் பாபின்கள் நூலால் நிரம்பியதும், மெஷினை நிறுத்தி, நிரம்பியவற்றை இறக்கி, காலி பாபின்களைச் செருகி மறுபடி ஓட விடுவார்கள். இதற்கு டாஃப் என்று பெயர். இதைச் செய்யத் தனியாக ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் ஷெட்டின் கதவுப் பக்கம் தொடங்கி வரிசையாக ஒவ்வொரு மெஷினாக முடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் வரைக்கும் போவார்கள், மறுபடி கதவுக்கு வருவார்கள். ஒரு ஷிப்டுக்கு ஆறு சுற்று. மெஷினோடு நின்று அறுந்த இழைகளை ஒட்டுகிற பெண்கள் வேறு. ஒவ்வொருத்திக்கும் இரண்டு மெஷின். ஆக ஒரு ஷிப்டில் ஒருத்தி பெயரில் பன்னிரண்டு டாஃப் விழ வேண்டும். இழை அடிக்கடி அறுந்து, அவள் ஒட்டத் தாமதித்தால், பாபின் நிரம்பாமல் டாஃப் தள்ளிப்போகும். அதனால் டாஃப் குறைந்தால் அவள் வேலை மோசம் என்று வைத்துக்கொள்வார்கள்.

முன்பெல்லாம் சூப்பர்வைசர் ஷிப்டுக்கு ஏழு தடவை ஷெட்டைச் சுற்றி வந்து, போன தடவைக்குப் பிறகு யாருக்கு எத்தனை டாஃப் ஆனது என்று ஒரு தாளில் எழுதுவார். தாளில் பெயர், மெஷின் எண், பிறகு ஏழு கட்டம், கடைசியில் கையெழுத்துக்கு இடம். நான் ஓய்வு பெறுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் மெஷின்களில் ஒரு சின்னப் பெட்டி மாட்டினார்கள். டாஃப் முடிந்து மெஷின் ஓடத் தொடங்கியதும் அந்த நேரம் தானாகவே என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். முதலில் சோதனைக்காக ஒரே ஷெட்டில், காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரையான முதல் ஷிப்டுக்கு மட்டும். அதற்கு ரிப்போர்ட் எழுதுகிற வேலை எனக்கு வந்தது.

“மாஸ்டர், எட்டு மணி நேரத்துக்கு எட்டுக் கட்டம் போட்டா மணிக்கு ஒண்ணா அழகா வந்துரும்” என்றேன்.

“ஏழு கட்டம் அச்சடிச்ச பேப்பர் ஸ்டோர்ல பதினஞ்சு கட்டு கெடக்கும்மா. அத என்ன பண்றது, பொட்டலம் மடிக்கவா?” என்றார்.

பேப்பருக்காக நேரத்தை வெட்டினோம். இப்படி ஒரு காரியத்தை எங்கள் மில்லைத் தவிர வேறெங்கும் செய்திருப்பார்களா என்று தெரியவில்லை.

எட்டு மணி நேரம் என்றால் நானூற்று எண்பது நிமிடம். அதை ஏழால் வகுத்தால் அறுபத்தெட்டரைக்குக் கொஞ்சம் மேலே வரும். எனக்கு முழு நிமிடம் வேண்டும். அதனால் பின்னத்தை வெட்டி எறிந்துவிட்டு அறுபத்தெட்டு என்று வைத்துக்கொண்டேன். ஆறு மணியில் தொடங்கி, அறுபத்தெட்டைக் கூட்டினால் முதல் கட்டம் முடிகிறது. அதிலிருந்து இன்னொரு அறுபத்தெட்டு, இரண்டாவது. இப்படி ஏழு. ஏழு கட்டமும் அச்சு அசலாக ஒரே அளவு. பார்க்கவே அழகாக இருந்தது. மாஸ்டர் சிவப்பு டிக் போட்டார், நான் வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து பாண்டியம்மாள் என்கிற பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள். சுவரோரத்தில் இருக்கிற கடைசி இரண்டு மெஷினும் அவளுடையவை. குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து மில் பஸ்ஸில் வருகிறவள். தலையெல்லாம் பஞ்சு. தொடர்ந்து டாஃப் குறைந்தவர்கள் என்று மாதா மாதம் ஒரு பட்டியல் போகும், அதில் இரண்டு தடவை பெயர் வந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். மெஷினுக்குப் புதிதாக வந்தவளுக்கு முதல் மாதத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அப்படியும் பாண்டியம்மாள் பெயர் ஒரு தடவை வந்துவிட்டது. மறுபடி வர இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

“ஜமீலாக்கா, நான் எறக்குன பாபினு எங்கிட்டுப் போகுது?” என்றாள்.

“என்ன பாபின்?”

இடுப்பிலிருந்து ஒரு நூலை எடுத்தாள். முழ நீளம். அதில் வரிசையாக முடிச்சு. “டாஃபு ஆக ஆக ஒரு முடிச்சுப் போட்டேன்க்கா. எண்ணிப் பாருங்க, பன்னெண்டு. இது நேத்தி உள்ளது. இந்தா, இது முந்தாநேத்து, இதுவும் பன்னெண்டு. உங்க பேப்பர்ல தெனமும் பதினொண்ணுதான் வருதாம்.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த நூலை வாங்கி எண்ணியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. “இங்க பாரு பாண்டியம்மா, முடிச்சு நீ எப்ப வேணா போடலாம். கம்ப்யூட்டருக்கு உன்மேல என்ன பகை?” என்றேன். சொல்லும்போது எனக்கு அது சாமர்த்தியமான பேச்சாகத் தோன்றியது. இப்போது எழுதும்போது என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

அவள் சண்டை போடவில்லை. நூலைச் சுருட்டிக்கொண்டு நேராக மாஸ்டரிடம் போனாள். மாஸ்டர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, சுவரோர மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் அட்டை, அதில் ஒரு வெள்ளைத் தாள். அவ்வளவு சத்தத்திலும் பஞ்சுத் தூசியிலும் எட்டு மணி நேரம். சாப்பாட்டை அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டார். ஒவ்வொரு டாஃப் முடிந்து மெஷின் ஓடத் தொடங்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். பெண்கள் எல்லாம் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். “மாஸ்டரு மெஷினுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்காரு” என்று ஒருத்தி சொன்னது என் அறை வரைக்கும் வந்து சேர்ந்தது.

இரண்டு மணிக்கு மணி அடித்ததும் தாளோடு என் அறைக்கு வந்தார். அன்றைய ரிப்போர்ட்டை அச்சடிக்கச் சொன்னார். தன் தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு வந்தார். பதினோரு டிக். அவர் தாளில் ஒன்று மிச்சம்.

“ஒண்ணு அம்பத்தேழுக்கு ஒரு டாஃபு முடிஞ்சுது. என் கண்ணால பாத்தேன். அது எங்க?”

“பெட்டியில கோளாறா இருக்கும் மாஸ்டர்.”

“காட்டு. நான் டீ குடிச்சிட்டு வாரேன்.”

அவர் போனதும், ரிப்போர்ட்டை விட்டுவிட்டு, மெஷினிலிருந்து நேராக வந்து விழுகிற பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஒன்று ஐம்பத்தேழு பத்திரமாக அங்கே இருந்தது. பெட்டியில் எந்தக் கோளாறும் இல்லை. அப்படியானால் ரிப்போர்ட்டில் ஏன் இல்லை? ஒரு தாளில் கட்டங்களை எழுதினேன். ஏழு எட்டு, எட்டு பதினாறு, ஒன்பது இருபத்து நாலு, பத்து முப்பத்திரண்டு, பதினொன்று நாற்பது, பன்னிரண்டு நாற்பத்தெட்டு. கடைசிக் கட்டம் முடிகிற நேரம், ஒன்று ஐம்பத்தாறு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷிப்ட் முடிவது இரண்டு மணிக்கு. ஏழு அறுபத்தெட்டு நானூற்று எழுபத்தாறு. நான் வெட்டி எறிந்த பின்னங்கள் எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம் ஆகி, ஷிப்டின் வாலில் அநாதையாக நின்றது. அந்த நான்கு நிமிடத்தில் நடப்பது எந்தக் கட்டத்திலும் விழாது. டாஃப் கூட்டம் கதவில் தொடங்கி ஆறாவது சுற்றின் கடைசியில், மணி அடிப்பதற்கு இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதுதான் சுவரோரக் கடைசி மெஷினை முடிக்கும். ஷெட்டில் வேறு யாருக்கும் எதுவும் குறையவில்லை. நூல் எடை வேறு பிரிவில் போடுவதால் மில்லுக்கும் ஒரு கிராம் குறையவில்லை. குறைந்தது சுவரோரத்தில் நிற்கிற ஒருத்திக்கு மட்டும்தான்.

மாஸ்டர் டீ குடித்துவிட்டு வரப் பத்து நிமிடம் ஆகும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும், நாளையிலிருந்து பன்னிரண்டு வரும். இந்த மாதம் பெட்டியில் கோளாறு, சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. பாண்டியம்மாளும் தப்பித்துவிடுவாள். விரலைக்கூட விசைப்பலகையில் வைத்துவிட்டேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. பாண்டியம்மாள் அந்த மெஷினுக்கு வந்தே மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அங்கே நின்றவள் வெள்ளைத்தாய். பட்டியலில் இரண்டு தடவை பெயர் வந்து நிறுத்தப்பட்டவள். அந்தப் பட்டியலை அச்சடித்தவள் நான். நான் பெட்டியின்மேல் பழியைப் போட்டால் அவள் காலத்துக்கும் சோம்பேறிதான்.

மாஸ்டர் வந்தார். “தப்பு என்மேல மாஸ்டர்” என்று தொடங்கினேன். தாளைக் காட்டினேன். அவர் ஏழு அறுபத்தெட்டைத் தானே ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு சிவப்புப் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார்.

“வெள்ளத்தாயி” என்றார் கடைசியில்.

“ஆமா மாஸ்டர்.”

“மொதல்ல இதச் சரி பண்ணு. எப்படிச் சரி பண்ணுவ, காட்டு.”

இதுதான் நீ கேட்ட கேள்விக்குப் பதில், மகளே. நான் முதலில் செய்தது ஒவ்வொரு கட்டத்தையும் முந்தைய கட்டத்தின் முடிவிலிருந்து அளந்தது. ஒரு தடவை விட்ட துணுக்கு அடுத்ததிலும் சேர்ந்து, சேர்ந்து, கடைசியில் பெரிதாகிவிட்டது. திறமையான தையல்காரர் துணியில் ஏழு குறி போட வேண்டுமானால் டேப்பின் முனையை நகர்த்திக்கொண்டே போக மாட்டார். ஒரே முனையில் பிடித்துக்கொண்டு எல்லாக் குறியையும் அங்கிருந்தே அளப்பார். அதுபோல எல்லாக் கட்டத்தையும் ஆறு மணியிலிருந்தே அளந்தேன். நானூற்று எண்பதைக் கட்டத்தின் எண்ணால் பெருக்கு, பிறகு ஏழால் வகு, அதற்குப் பிறகு பின்னத்தை விடு. முதல் கட்டம் ஏழு எட்டுக்கு முடியும், இரண்டாவது எட்டு பதினேழுக்கு. ஏழாவது கட்டத்தில் ஏழால் பெருக்கி ஏழால் வகுக்கிறோம், அது நானூற்று எண்பதில்தான் வந்து நிற்கும், எந்தக் கொம்பனாலும் அதை மாற்ற முடியாது. மூன்று கட்டத்துக்கு அறுபத்தெட்டு, நான்கு கட்டத்துக்கு அறுபத்தொன்பது. அந்த நான்கு நிமிடமும் ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்து உள்ளே வந்துவிடும். கட்டம் தொடங்குகிற நிமிடம் அந்தக் கட்டத்தைச் சேர்ந்தது, முடிகிற நிமிடம் அடுத்ததைச் சேர்ந்தது. அதனால் எதையும் இரண்டு தடவை எண்ணவும் வழியில்லை, விடவும் வழியில்லை.

பார்க்க முன்பு போல அழகாக இல்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

அன்றே பழைய ஐந்து மாதத்துப் பதிவுகளையும் புதுக் கட்டத்தில் ஓட்டினேன். பாண்டியம்மாளுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. வெள்ளைத்தாய்க்கு அதைவிட ஒழுங்கு, ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பாண்டியம்மாளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “நீங்க கோவத்துல சொன்னதுதானக்கா, விடுங்க” என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, கர்வத்தில் சொன்னேன். அதையும் அவளிடம் சொன்னேன். பிறகு வந்த நாட்களில் ரிப்போர்ட் மேனேஜருக்குப் போவதற்கு முன்னால், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் அதன் நகல் ஒன்றை ஒட்ட ஆரம்பித்தோம். பெண்கள் தங்கள் வரியைத் தாங்களே பார்த்துவிட்டு, தப்பிருந்தால் என்னைத் தேடி வருவார்கள். அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. புது புரோகிராமிலும் அதை விட்டுவிடாதே.

ஆனால் அதெல்லாம் பிறகு. மாஸ்டர் மேனேஜரிடம் போய் அரை மணி நேரம் பேசிவிட்டு, வெள்ளைத்தாயை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்கிற உத்தரவோடு வந்தார். “புரோகிராம் உன்னுது, கையெழுத்து என்னுது. ஆளு விட்டுச் சொல்லி அனுப்புனா நல்லாருக்காது. ரெண்டு பேரும் போவோம்” என்றார். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து, வேலை முடித்த பெண்களோடு குஜிலியம்பாறை பஸ்ஸில் ஏறினோம். வழி காட்டப் பாண்டியம்மாளும் கூடவே வந்தாள். ஒன்றரை மணி நேரம் மாஸ்டர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வெள்ளைத்தாய் வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வாங்க என்று சொல்லவில்லை. கயிற்றுக் கட்டிலில் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எங்கே தப்பு, யார் செய்தது, எத்தனை நாள், ஒன்றையும் மறைக்கவில்லை. உத்தரவை நீட்டினார். “திங்கக்கெழம மொத ஷிப்டுக்கு வந்துரும்மா” என்றார்.

அவள் அந்தத் தாளை வாங்கினாள். ஆனால் பிரித்துப் பார்க்கவில்லை.

“வாரேன் மாஸ்டர். அது கெடக்கட்டும். தெனமும் எம்புட்டுக் கொறைஞ்சுது?”

“ஒண்ணே ஒண்ணு” என்றேன் நான்.

“ஒண்ணுதானா?” என்று கேட்டுவிட்டுச் சேலையில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டாள். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தாள். “அப்ப நான் மெஷினுகிட்ட நின்னு தூங்கலல்ல?”

“இல்ல தாயி.”

“இத எங்கிட்டச் சொல்லாதீங்க. எனக்குத் தெரியும். அந்தா உக்காந்திருக்காரு பாருங்க, அவருகிட்டச் சொல்லுங்க. தூங்கி வேலையத் தொலைச்சவன்னு சொல்லிக் காட்டியே, மூணு மாசமா இந்த வீட்டுல சோறு எறங்கல எனக்கு.”

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். “அண்ணே, கணக்குல தப்புப் பண்ணது நான். உங்க வீட்டுல ஒரு நாளுகூடக் கொறைச்சு வேல பாக்கல” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தெருவில் இரண்டு மூன்று பேர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

வெள்ளைத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ சொல்லுங்கக்கா” என்றாள்.

நான் திரும்பித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டு இன்னொரு தடவை சொன்னேன். இந்த முறை கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி.